வானவாசலின் கீழ்ப்பக்கம்

தவளையம்மா காலையிலிருந்து ஒரே தூரிகையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அதில் கழுவ ஒன்றும் இல்லை. நேற்றுதான் கடையில் வாங்கியது. எறும்பின் மீசை மாதிரி நுனி.

"விடு சித்தி. அது என்ன பாவம் பண்ணுச்சு? இன்னும் கொஞ்சம் கழுவினா குச்சிதான் மிஞ்சும்," என்றாள் அக்கா மகள். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பாள், ஞாயிற்றுக்கிழமை தன் வாயை மூடமாட்டாள்.

"கையெழுத்துப் போடப் போறேன். சுத்தமா இருக்க வேண்டாமா?"

"ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ ஜோடனையா? உன் கல்யாணத்துக்குக்கூட நீ இப்படிப் பண்ணியிருக்க மாட்டே."

"நான்தான் கல்யாணமே பண்ணிக்கலையே."

"அதான் சொல்றேன்."

தவளையம்மா என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் போடும் அலுவலகம் அது. உயிரியல் புத்தகத்தில் மல்லாந்து படுத்து, வயிறு திறந்து, யாரையும் கோபிக்காமல் கிடக்குமே ஒரு தவளை, அது அவள் போட்டது. அப்பா படித்த புத்தகத்திலும் அதே தவளைதான், பிள்ளை படித்த புத்தகத்திலும் அதே தவளைதான். தவிர, முளைவிடும் அவரை விதை, எரிமலையின் குறுக்குவெட்டு, வரைபடங்களில் ஓடுகிற ஆறுகள் எல்லாம் அவள் கைவேலை. ஒன்றிலும் அவள் பெயர் கிடையாது. பாடநூல் படத்தில் கையெழுத்துக் கூடாது என்பது விதி. புதிதாய்ச் சேர்ந்த நாட்களில் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "தவளைக்கு எதுக்கும்மா கையெழுத்து? அது என்ன பத்திரப் பதிவுக்கா போகுது?" என்றார் மேலாளர். அறையே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

ஆகவே ஓய்வு பெற்று இத்தனை காலம் கழித்து, இன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக ஒரு படத்தில் தன் பெயரை எழுதப் போகிறாள். அது அவள் வாழ்நாளில் யாரும் சொல்லிக் கொடுக்காமல், எந்தப் பாடத்துக்கும் துணை நிற்காமல் வரைந்த ஒரே படம். இரண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்க்காத சீட்டாட்டப் பைத்தியம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்கிறார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அதைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய வயிற்றெரிச்சல்.

கதை இதுதான். அவள் வேலை பார்த்த காலத்தில், ஒரு சலவைக்கடையின் மாடியறையில் மூன்று இளைஞர்கள் சேர்ந்து புதுவிதமான அட்டை விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படம், ஒரு பெயர், அதற்கென்று ஒரு சக்தி. ஆடுகிறவர்கள் அட்டைகளைச் சேகரித்து, மாற்றிக்கொண்டு, ஒருவரோடொருவர் மோதவேண்டும். மூவரில் தாடி வைத்தவன் அவள் அலுவலகத் தோழியின் தம்பி. ஒருநாள் வந்து, "அக்கா, வானவாசல்னு ஒரு அட்டை இருக்கு. அதுக்கு ஒரு படம் வேணும். என்ன வேணா வரையலாம்," என்றான்.

என்ன வேண்டுமானாலும் வரையலாம் என்று அதற்குமுன் யாரும் அவளிடம் சொன்னதில்லை.

அவள் மழைத்தண்ணீர் தேங்கிய ஒரு குட்டையை வரைந்தாள். மேல் விளிம்பில் ஒரு குழந்தையின் மஞ்சள் ரப்பர் பூட்ஸ் இரண்டு, கணுக்கால் வரைக்கும் மட்டும். அவற்றின் கீழே வட்டமாகத் தண்ணீர். தண்ணீருக்குள் வானம். வானத்துக்குள் அந்தக் குழந்தையின் பிம்பம், தலைகீழாக, கைகளை விரித்தபடி. குதிக்கப் போகிற குழந்தை. அவ்வளவுதான் படம்.

அச்சாகி வந்தபோது குட்டை மேலே இருந்தது. வட்டமான வானத்தின் நடுவே யாரோ ஒருவர் தலை நிமிர்ந்து, கை விரித்து, பூமியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பாதங்களுக்குக் கீழே பொன்னிறத்தில் இரண்டு தூண்கள். தவளையம்மா சலவைக்கடைப் படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். தாடிக்காரன் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு வெளிறிப்போனான். ஆயிரக்கணக்கில் கட்டுக் கட்டாக அச்சாகி வந்துவிட்டது. "அடுத்த பதிப்புல சரி பண்ணிடறோங்க்கா. சத்தியமா."

அடுத்த பதிப்பு வரவே இல்லை. வானவாசல் அட்டையின் சக்தி அப்படி. அதைப் போட்டவர் அதுவரை தோற்ற அட்டைகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் கதை அத்தோடு முடிந்தது. இப்படி ஒரு அட்டை இருந்தால் விளையாட்டே இருக்காது என்று போட்டிகளில் தடை விதித்துவிட்டார்கள். தடை விதித்ததை மறுபடி அச்சடிப்பானேன்? ஆக, உலகத்தில் இருக்கும் வானவாசல் அத்தனையும் தலைகீழ். தடை வந்தபிறகு அதற்கு மவுசு இன்னும் ஏறியது. இறங்கி வருபவர் யார், அந்தப் பொன் தூண்கள் எதைக் குறிக்கின்றன என்று கட்டுரைகள் வந்தன. தூண்கள் ஏன் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கின்றன என்பதற்கே தனியாக ஒரு சண்டை நடந்தது.

"என் பூட்ஸுக்கு இவ்ளோ பேர் பொழிப்புரை எழுதறாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்பாள் அக்கா மகள். அந்தப் படத்துக் குழந்தை அவள்தான்.

"பின்னாடி அம்புக்குறி போட்டுத்தாண்டி குடுத்தேன், இதுதான் மேல்பக்கம்னு. அவனுங்க கண்ணு முதுகுலயா இருந்துச்சு?" என்பாள் தவளையம்மா. இத்தனை வருடத்தில் இந்த வாக்கியம் ஒரு சொல் மாறாமல் எத்தனையோ முறை அந்த வீட்டில் ஒலித்திருக்கிறது. பாடநூல் அலுவலகத்தில் எல்லாப் படத்தின் பின்னாலும் பென்சிலால் மேல்நோக்கி ஒரு சின்ன அம்பு போடுவது வழக்கம். குடலையும் ஈரலையும் தலைகீழாக அச்சடித்துவிட்டால் பிள்ளைகள் தேர்வில் என்ன எழுதும்?

அசல் ஓவியம் எங்கே போனது என்றுகூட அவள் விசாரிக்கவில்லை. போன மாதம் ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் நிறைய நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் தெரிந்தது, அவருக்குத் திக்குவாய். அசல் அவரிடம்தான் இருக்கிறதாம். பெரிய ஓவியக்கூடம் ஒன்றில் அட்டை விளையாட்டுகளின் அசல் படங்களுக்கென்று கண்காட்சி வைக்கிறார்கள். நடுச்சுவரில் வானவாசலை மாட்டப்போகிறார்கள். படத்தில் கையெழுத்து இல்லை. ஓவியர் இருக்கும்போதே ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள், கையெழுத்து இருக்கும் பக்கம்தான் கீழ்ப்பக்கம், அப்படித்தான் மாட்டுவோம், எல்லாப் பிரசுரத்திலும் அப்படித்தான் போடுவோம் என்று ஓவியக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். தாடிக்காரனிடம் எண் வாங்கி அழைத்திருக்கிறார்.

ஓவியக்கூடத்தார் சொன்ன அந்த வாக்கியம்தான் தவளையம்மாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. கையெழுத்து இருக்கும் பக்கம் கீழ்ப்பக்கம். ஒரு சின்னக் கையெழுத்து. அதைச் சரியான ஓரத்தில் போட்டுவிட்டால் போதும், குட்டை தரைக்கு வந்துவிடும். இனிமேல் யாராலும் அதைப் புரட்ட முடியாது.

"அந்த மனுஷனுக்கு விஷயம் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா மகள்.

"வந்தா தெரிஞ்சுக்கட்டும்."

"பாவம் சித்தி."

"நான் பாவம் இல்லையா?"

அழைப்புமணி அடித்தது.

வாசலில் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கலாம். வெளியே மழை. தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். நெஞ்சோடு அணைத்திருந்த பொட்டலம் மட்டும் ஒரு துளி படாமல் இருந்தது. குடையை அவர் பொட்டலத்துக்குத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"ஐயோ, இவ்ளோ மூச்சு வாங்குது! லிஃப்ட் ஓடலையா?" என்றாள் அக்கா மகள், துண்டை நீட்டியபடி.

"ஓ... ஓடுது. சத்தம் சரியில்ல. அதான் ஏறல."

"நாங்க தினமும் அதுலதானே போறோம்!"

"தெ... தெரியும்," என்றார் அவர் வருத்தத்தோடு. "நான் லிஃப்ட் மெக்கானிக்."

அக்கா மகள் சித்தியைப் பார்த்தாள். சித்தி சுவரைப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்தவரைக் கோபத்தோடு வரவேற்க வேண்டும் என்றிருந்த தவளையம்மாவுக்கு இது முதல் சறுக்கல்.

சாப்பாட்டு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். அக்கா மகள் பக்கவாட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். லிஃப்ட்காரர் முதலில் பாலித்தீனைப் பிரித்தார், பிறகு ஒரு குளியல் துண்டை, பிறகு ஒரு பழைய பருத்திச் சட்டையை. தூங்குகிற குழந்தைக்கு உடை மாற்றுகிறவர் மாதிரி, ஒவ்வொரு மடிப்பாக. கடைசியில் மெல்லிய மரச்சட்டத்துக்குள், கண்ணாடிக்குக் கீழே, படம்.

அட்டையில் அச்சான மாதிரியே அவர் தன் பக்கம் பார்த்து வைத்திருந்ததால் அது தவளையம்மாவுக்கு நேராகத் தெரிந்தது.

மேலே மஞ்சள் பூட்ஸ். கீழே தண்ணீர். எத்தனையோ வருடமாக அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் யார் யாருடைய சட்டைகளிலுமோ தலைகீழாகவே பார்த்துப் பார்த்து, இப்படித்தான் இருந்தது என்று மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டது, இப்போது தானாகவே நேராக வந்து எதிரில் உட்கார்ந்திருந்தது. தண்ணீரின் ஓரத்தில் ஒரு காய்ந்த இலை போட்டிருந்தாளே, அதை அவளே மறந்துபோயிருந்தாள்.

"இருங்கம்மா, உ... உங்களுக்கு நேரா வெச்சுடறேன்," என்று லிஃப்ட்காரர் மரியாதையாகச் சட்டத்தைத் திருப்பப் போனார்.

"வேண்டாம் தம்பி!" சத்தம் கொஞ்சம் பலமாகவே வந்துவிட்டது. "அப்படியே இருக்கட்டும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பெரியவர்களுக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டவர் போலிருந்தது. தேநீர் வந்தது. கோப்பையைப் படத்துக்கு எட்டாத தூரத்தில், தரையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

சின்ன வயதில் அவருக்கு வாயே திறக்காதாம். திறந்தால் மற்றவர்கள் வாக்கியத்தை முடித்து வைத்துவிடுவார்கள். உதவி செய்கிறோம் என்று நினைத்து. முடித்துவைத்த வாக்கியம் ஒருநாளும் அவர் சொல்ல வந்ததாக இருக்காது. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் தேநீர் வரும். கணக்குப் புரியவில்லை என்று சொல்ல வந்தால் கழிப்பறைக்கு அனுப்புவார்கள். அட்டை விளையாட்டில் அந்தத் தொல்லை இல்லை. அட்டையைப் போட்டால் போதும், அதுவே பேசிக்கொள்ளும். ஒரே ஒரு அட்டையைத் தவிர.

"வானவாசலப் போட்டா ரெண்டு வார்த்தை சத்தமா சொல்லணும். சொ... சொன்னாத்தான் அது செல்லும். அட்டையில அப்படித்தான் போட்டிருக்கும்."

"தெரியும். 'இறங்கி வா,'" என்றாள் அக்கா மகள். சொல்லிமுடித்த கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் வாக்கியத்தை அவள் முடித்துவிட்டாள்.

லிஃப்ட்காரர் சிரித்தார். "பரவால்லீங்க. இது சரியாத்தான் முடிச்சிருக்கீங்க. ஒரு போட்டி. தடை வர்றதுக்கு முன்னாடி நடந்த க... கடைசிப் போட்டி. என்கிட்ட ஒண்ணுமே மிச்சமில்ல. அத்தனையும் தோத்தாச்சு. கையில இது மட்டும். போட்டுட்டேன். எதிர்ல இருந்தவன் சிரிக்கிறான், இவன் எப்படிச் சொல்லப் போறான்னு. சுத்தி எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. முதல்முறையா யாரும் முடிச்சு வைக்கல. ஏன்னா அடுத்தவங்க சொன்னா செல்லாது. நான் படத்தையே பாத்தேன். இவங்க கைய விரிச்சு இறங்கி வந்துக்கிட்டே இருக்காங்க. அ... அவசரமே இல்லாத மாதிரி. நீ எப்போ வேணா சொல்லு, நான் வந்துக்கிட்டுதான் இருக்கேன்கிற மாதிரி." விரலை நீட்டினார், கண்ணாடியைத் தொடவில்லை. "சொல்லிட்டேன். திக்கவே இல்ல. ஜெயிச்சதுக்குப் பரிசா தாடிக்காரர் இந்தப் படத்தையே குடுத்துட்டார். வேற குடுக்க அவங்ககிட்ட ஒண்ணுமில்லன்னார்."

தூரிகை தவளையம்மாவின் கையிலேயே இருந்தது. காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் உதவவில்லை. இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் தன் பக்கத்து ஓரத்தில் கையெழுத்தைப் போட்டுவிடலாம்தான். அது இன்னும் மோசம்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகளுக்குப் பொறுக்கவில்லை. பல் பிடுங்குகிற இடத்தில் வேலை பார்க்கிறவள், ஆட்டி ஆட்டி வலிக்கவைப்பதைவிட ஒரே இழுப்பு மேல் என்பது அவள் கொள்கை.

"அண்ணா, அந்தத் தூண் ரெண்டும் தூண் இல்ல. என் பூட்ஸ்."

லிஃப்ட்காரர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பு மெல்ல நின்றது. படத்தைப் பார்த்தார். தவளையம்மாவைப் பார்த்தார். அவள் ஏன் திருப்பவேண்டாம் என்றாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

படத்தை அவர் தொடவில்லை. எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு தவளையம்மாவின் பக்கம் வந்து, அவள் தோளுக்கு அருகே குனிந்து, அவள் பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தார்.

மழை ஜன்னலில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் சட்டையிலிருந்து தரையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"ம... மழைத்தண்ணி," என்றார்.

"ஆமா தம்பி."

"ஒரு கொழந்த."

"ஆமா."

"அப்போ நான் இத்தனை வருஷமா தலைகீழா..."

அவர் முடிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை யாராவது தன்னிடம் வந்து சொல்லமாட்டார்களா என்றுதான் தவளையம்மா இவ்வளவு காலம் காத்திருந்தாள். தாடிக்காரன் சொல்லவில்லை, கட்டுரை எழுதியவர்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாத ஒருவர் வந்து சொல்லிவிட்டார். காதில் தேனாகப் பாயும் என்று நினைத்திருந்தாள். பாயவில்லை.

"தப்பு உங்களுது இல்ல," என்றாள் அவசரமாக. "அந்தச் சலவைக்கடைப் பசங்க பண்ணினது. பின்னாடி தெளிவா அம்புக்குறி போட்டிருந்தேன். திறந்து பாருங்க, இப்பவும் இருக்கும்."

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தார். இந்த மனிதர் குளிக்கும்போதும் அதை வைத்திருப்பார் போல. சட்டத்தைக் கவிழ்த்து, முதுகில் இருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேசை விரிப்பின் மேல் உருண்டோடாமல் வைத்தார். பின்பலகையைத் தூக்கினார்.

ஓவிய அட்டையின் முதுகு வெறுமையாக இருந்தது.

ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டத் தடம் இருந்தது. வேறொன்றும் இல்லை. தவளையம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அழிந்த கோடு ஏதாவது இருக்குமோ என்று விரலால் தடவினாள். பென்சில் பட்ட அட்டையில் லேசாகப் பள்ளம் இருக்கும், அவள் விரலுக்குத் தெரியும். இங்கே பள்ளம் இல்லை.

"இருக்கா சித்தி?"

அம்புக்குறி போடுவது அலுவலகப் பழக்கம். தவளைக்குப் போட்டாள், விதைக்குப் போட்டாள், எரிமலைக்குப் போட்டாள். இந்தப் படத்தை வரைந்தபோது அவள் அலுவலகத்தில் இல்லை. அலுவலகம் என்ற ஒன்று இருப்பதே அன்றைக்கு அவளுக்கு நினைவில்லை. சாப்பாட்டு மேசையில் அட்டையைப் படுக்கவைத்து, எப்போதும் செய்வதுபோல இடதுகை விரலால் அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே வரைந்தாள். முடித்தாள். உறையில் போட்டாள். கொடுத்துவிட்டாள். மேல்பக்கம் எது என்று சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும் என்று நினைத்துவிட்டாள்.

"போடல," என்றாள் கடைசியில். "நான் போடவே இல்ல."

அக்கா மகள் வாயைத் திறந்தாள், பிறகு அதிசயமாக மூடிக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் பழையபடி தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். படத்தைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து நிமிர்த்தி வைத்தார். இந்தமுறை யோசித்து, தவளையம்மாவுக்கு நேராக இருக்கும்படி வைத்தார். அப்படி வைத்தால் அவருக்கும் அவருடைய பக்கமே வருகிறது என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"உங்களுக்கு எது கீழ்ப்பக்கமோ அங்க போடுங்கம்மா. படம் உ... உங்களுது."

அவர் அதை மனதாரச் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை. அடம்பிடித்திருந்தால் தவளையம்மாவும் அடம்பிடித்திருப்பாள். அவளுக்குத் தெரிந்த வித்தை அது. இப்போது தூரிகையை மையில் தோய்த்தாள். தன் பக்கத்து ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கை நின்றது.

"இவளோட அம்மா போனதுக்கப்புறம்," என்று ஆரம்பித்தாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். "இவளை நான் கூட்டிட்டு வந்துட்டேன். அஞ்சு வயசுகூட ஆகல. அழல. பேசல. குடுத்தா சாப்பிடுவா. உக்கார வெச்ச இடத்துல இருப்பா. அலமாரியில வெச்ச பாத்திரம் மாதிரி. எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, தவளைதான் தெரியும். தினம் வேலைக்குப் போயிட்டு வந்து இவ எதிர்ல உக்காந்து அழுவேன். அப்பவும் இவ அழமாட்டா."

"எனக்கு ஞாபகமே இல்லையே சித்தி," என்றாள் அக்கா மகள் மெதுவாக. "நான் பொறந்ததிலேருந்து வாயாடின்னுதானே சொல்வே."

"ஒருநாள் இதே மாதிரி மழை. விட்டிருந்துச்சு. நான் பாத்திரம் தேய்ச்சுட்டு வந்து பாக்கறேன், ஆளக் காணோம். பதறியடிச்சு வாசலுக்கு ஓடினா, தானாவே பூட்ஸ எடுத்து மாட்டிக்கிட்டு, இடதையும் வலதையும் மாத்தி மாட்டிக்கிட்டு, குட்டை ஓரத்துல நிக்கறா. கைய விரிச்சுக்கிட்டு."

"மா... மாத்திப் போட்டதாலதான் வெளிப்பக்கம் சாஞ்சிருக்கா?" என்றார் லிஃப்ட்காரர். கண்ணில் நீர் நிறைந்திருந்தபோதும் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சண்டையில் அவரும் ஒரு கட்சி போலும்.

"அதேதான். அப்போ தெரிஞ்சுச்சு எனக்கு. பொண்ணு திரும்பி வந்துட்டான்னு."

லிஃப்ட்காரர் தன் பக்கத்திலிருந்து படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவளையம்மா தன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் படம் படுத்துக்கிடந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியுது தம்பி, இப்போ?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "பொய் சொல்லல. பூ... பூட்ஸ்னு தெரிஞ்சும், இங்கேருந்து பாத்தா இறங்கித்தான் வராங்க."

"எனக்கு இங்கேருந்து குதிக்கப் போறா."

"எனக்கு," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள் பக்கவாட்டில் இருந்த அக்கா மகள், "நான் படுத்துத் தூங்கறேன்."

தவளையம்மா வெடித்துச் சிரித்தாள். சிரித்தபோது கை தானாக அசைந்து, இடதுகை ஆள்காட்டி விரல் அட்டையின் மூலையைத் தொட்டு, பழைய பழக்கத்தில் அதை மெல்ல ஒரு திருப்புத் திருப்பியது. குட்டையின் வட்டம் திரும்பியது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். இன்னொரு திருப்பு. வரைபடங்களில் ஆற்றின் பெயரை எழுதுவது அவளுக்கு மிகப் பிடித்த வேலை. மலைக்கும் ஊருக்கும் நேர்கோட்டில் எழுதவேண்டும். ஆற்றுக்கு அப்படி இல்லை, ஆறு எப்படி வளைகிறதோ எழுத்தும் அப்படியே கூட ஓடவேண்டும். தாளைத் திருப்பிக்கொண்டே எழுதுவாள். எழுதிமுடித்தால் எழுத்தும் தண்ணீரோடு போகிற மாதிரி இருக்கும்.

"சுத்தி வரட்டுமே," என்றாள் தனக்குத்தானே.

"என்னது சித்தி?"

அவள் குனிந்துவிட்டாள். குட்டையின் கரையை ஒட்டி, தண்ணீரும் மண்ணும் சேருகிற இடத்தில், காய்ந்த இலைக்குப் பக்கத்தில் தூரிகையை வைத்தாள். முதல் எழுத்து. விரல் அட்டையை ஒரு பொட்டு நகர்த்தியது. அடுத்த எழுத்து. மேலும் கீழும் பக்கவாட்டும் ஒவ்வொன்றாக அவள் வயிற்றுக்கு நேரே வந்து, எழுத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தன. மற்ற இருவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தார்கள். பெயர் கரையோரமாகவே ஓடி, பூட்ஸைத் தொட்டு, சுற்றி வளைந்து, ஆரம்பித்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து முடிந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் தண்ணீரின் ஓரத்தில் மெல்லிய அலை என்றுதான் நினைப்பார்கள்.

"இதுல எ... எது கீழ்ப்பக்கம்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"சுவத்துல மாட்டினாத்தானே அந்தக் கேள்வி. நான் இத மேசையில வெச்சுத்தான் வரைஞ்சேன். மேசையிலயே வைக்கச் சொல்லுங்க. சுத்தி நடந்து பாக்கட்டும்."

அவர் தொலைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்குமுன் கொஞ்சநேரம் அதையே பார்த்தார். ஓவியக்கூடத்தில் எடுத்தவர் வேகமாகப் பேசுகிறவர். மேசையா, எதற்கு மேசை, நடுச்சுவரில் விளக்கெல்லாம் பொருத்தியாகிவிட்டதே என்று இங்கே கேட்கும் அளவுக்குக் கத்தினார். "ப... படம்... ப..." என்று லிஃப்ட்காரர் திணற, அந்தப் பக்கம் "படம் பத்திரமா இருக்கா? சரி, சரி," என்று முடித்துவைத்தது. அக்கா மகள் நான் பேசவா என்று கையை நீட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். திக்கித் திக்கித்தான் சொன்னார், ஆனால் வேறு யாரும் முடிக்க விடாமல் கடைசிவரை சொன்னார். சுவரில் இல்லை. மேசையில். கண்ணாடிக்குக் கீழே, படுக்கவைத்து. நாலு பக்கமும் ஆள் நடக்க இடம் விட்டு. இல்லையென்றால் படம் வராது.

அந்தப் பக்கம் குரல் இறங்கி, "எவ்வளவு பெரிய மேசை?" என்று கேட்டது.

மை காய்ந்ததும் படம் சட்டத்துக்குள் போயிற்று. பழைய சட்டை, துண்டு, பாலித்தீன் எல்லாம் அதே வரிசையில் அதன்மேல் ஏறின. கிளம்பும்போது லிஃப்ட்காரர் வாசலில் நின்று அக்கா மகளிடம் சொன்னார். "நாளைக்கு வந்து அந்த லிஃப்ட்டப் பாக்கறேன். அதுவரைக்கும் ப... படியிலயே இறங்குங்க."

"நீங்களே சொல்லிட்டா சரி அண்ணா. இறங்கி வரதுல உங்களவிடத் தெரிஞ்சவங்க யாரு?"

அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். காலடிச் சத்தம் ஒவ்வொரு மாடியாகத் தேய்ந்தது.

அக்கா மகள் கோப்பைகளை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள். "சித்தி, அன்னிக்கு நான் குதிச்சேனா?"

"தெரியாது."

"என்ன தெரியாது? நீதானே பாத்துக்கிட்டிருந்தே!"

"பென்சில் எடுக்க உள்ள ஓடிட்டேன்டி. திரும்பி வந்தா தலையிலேருந்து கால் வரைக்கும் சேறு. குட்டை நடுவுல உக்காந்துக்கிட்டு என்னைப் பாத்து முதல் வார்த்தை பேசறே."

"என்ன பேசினேன்?"

"'உனக்கு எடம் இருக்கு, வா'ன்னே."

அக்கா மகள் கோப்பைகளோடு சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயை வேண்டிய அளவைவிட அதிகமாகத் திறந்துவிட்டாள்.

தவளையம்மா ஜன்னலுக்கு வந்தாள். மழை விட்டிருந்தது. கீழே தெருவில் லிஃப்ட்காரர் பொட்டலத்தை நெஞ்சில் அணைத்தபடி வெளியே வந்தார். வாசலுக்கு எதிரே பெரிய குட்டையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் ஓரத்துக்கு வந்து நின்றார். குனிந்து பார்த்தார். இந்த உயரத்திலிருந்து பார்க்க, நிமிர்ந்த ஒரு லிஃப்ட்காரரும் கவிழ்ந்த ஒரு லிஃப்ட்காரரும் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரே எட்டில் தாண்டியிருக்கலாம். அவர் தாண்டவில்லை. உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்பதுபோல, கரையை ஒட்டி, மெதுவாக, அதை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனார்.